மேட்டுப்பாளையமா, போடியா?

மலையடிவாரத்தில் இரண்டு நாள் தங்க எந்த ஊர் என்று யோசிப்பவர்களுக்கு:

ரயில்: மேட்டுப்பாளையம்தான். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை போன மலைப்பாதை, 46 கி.மீ. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளப் பற்களைக் கவ்வ, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும். போடியில் 2010-ல் நின்ற ரயில், 2023-ல்தான் அகலப்பாதையில் திரும்பியது.

ஆறு: மேட்டுப்பாளையத்தில் பவானி, போடியில் கொட்டக்குடி.

சந்தை: மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி. போடியில் ஏலக்காய், தரம் பிரிக்கும் இடத்தைக் கடந்தாலே மணம் சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

சாலை: போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அப்புறம் மூணாறு.

குழந்தைகளோடு என்றால் மேட்டுப்பாளையம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். சொந்த வண்டி இருந்தால் போடி.