வீட்டிலேயே ஹாப்ஸ் மணக்கும் பேல் ஏல்: கூப்பர்ஸ் கிட்டுடன் சில வருட அனுபவம்

ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) மணம் தூக்கலாக இருக்கும் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரை ஒரு கிட் வாங்கி வீட்டில் தயாரிக்க முடியுமா? தாராளமாக முடியும், நன்றாகவே வரும். ஆனால் அந்த மணம் கிட்டின் தகர டின்னுக்குள் இல்லை. டின்னில் இருப்பது மால்ட்டும் (முளைகட்டிய பார்லியின் சாறு) கசப்பும்தான். மணத்தை நாம்தான் சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகு அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சில வருடங்களாகக் கூப்பர்ஸ் கிட்டை வைத்துப் பேட்ச் பேட்சாகப் போட்டுக் குடித்ததில், என் உழைப்பில் பாதி இந்தக் காப்பாற்றும் வேலைக்குத்தான் போகிறது.

கூப்பர்ஸ் இந்த ஊர் நிறுவனம். 1862-ல் தாமஸ் கூப்பர் தொடங்கியது, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அவர்களுடைய பேல் ஏல் பாட்டிலின் அடியில் ஈஸ்ட் மண்டி தங்கியிருக்கும். இங்குள்ளவர்கள் பாட்டிலைப் படுக்கப்போட்டு ஒரு உருட்டு உருட்டி, கலங்கலாகவே ஊற்றிக் குடிப்பார்கள். வீட்டு பீரும் அப்படித்தான்: பாட்டிலுக்குள்ளேயே வாயு பிடிக்கும், அடியில் மண்டி நிற்கும். எனக்குப் பிடித்தது தெளிவாக ஊற்றுவது. பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே ஊற்றில் ஜாடிக்கு மாற்றிவிட்டு, கடைசி விரற்கடை அளவை விட்டுவிடுவேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிப்புக்கு பீர் தயாரிக்க எந்த அனுமதியும் வேண்டாம். விற்கக் கூடாது, வடித்துச் சாராயமாக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பதே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டில் ஃபெர்மென்டர் எனும் பீர் நொதிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்குக் குழாய், கரைந்த சர்க்கரையின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்கள், பாட்டில் நிரப்பும் குழல், பாட்டிலில் போடும் சர்க்கரை உருண்டைகள், டின்னோடு கரைக்கும் சர்க்கரை, 1.7 கிலோ மால்ட் டின், அதன் மூடிக்கடியில் 7 கிராம் ஈஸ்ட் எல்லாம் வரும். முதல் பேட்ச்சுக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம். டின்னைக் கரைத்து, சர்க்கரை சேர்த்து, 23 லிட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடினால் முடிந்தது. குடிக்கக்கூடிய, சுத்தமான பீர் கிடைக்கும். மணம் மட்டும் அநேகமாக இருக்காது.

காரணம் எளிது. ஹாப்ஸில் கசப்பு தருவது ஆல்ஃபா அமிலம். அது கொதிக்கும்போது உருமாறினால்தான் கசப்பு பீரில் இறங்கும். மணம் தருவது எண்ணெய்கள். அவை கொதியில் ஆவியோடு போய்விடும். டின்னுக்குள் இருப்பது ஏற்கெனவே கொதித்துச் சுண்டிய சரக்கு, அதனால் கசப்பு தங்கிவிட்டது, மணம் போய்விட்டது. 1980-ல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் பிறந்த சியரா நெவாடா பேல் ஏல்தான் இந்த வகைக்கே முன்மாதிரி. அதன் அடையாளம் கேஸ்கேட் ரக ஹாப்ஸ், கொதியின் கடைசிக் கட்டத்தில் போடுவது. டின்னைக் கரைக்கும் முன் நாமும் அதையேதான் வீட்டு அளவில் செய்யப்போகிறோம்.

என் பேட்ச் இப்படி. 1.7 கிலோ பேல் ஏல் டின், 1 கிலோ வெளிர் மால்ட் பொடி, 300 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை. தண்ணீரை 23 லிட்டர் வரை இழுக்காமல் 21-ல் நிறுத்திவிடுவேன். இரண்டு பாட்டிலுக்கு மேல் குறையும், ஆனால் பீர் வாயில் கனமாக நிற்கும். சர்க்கரையை மட்டும் போட்டு 23 லிட்டர் நிரப்பினால் பீர் நீர்த்துப்போகும், அதன்மேல் எவ்வளவு ஹாப்ஸ் போட்டாலும் ஒட்டாது. மூன்று லிட்டர் தண்ணீரில் மால்ட் பொடியில் 300 கிராமைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, 25 கிராம் கேஸ்கேடைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போடுவேன். அடுப்பை அணைத்ததும் இன்னொரு 25 கிராம். மூடி வைத்து இருபது நிமிடம் கழித்து வடிகட்டி ஃபெர்மென்டரில் ஊற்றினால், பம்பளிமாஸ் தோலைக் கீறியது போன்ற வாசம் சமையலறை முழுக்க நிற்கும். அப்புறம் மீதிப் பொடியும் டின்னும் டெக்ஸ்ட்ரோஸும் போய், குளிர்ந்த தண்ணீரால் அளவு கட்டுவேன். ஹைட்ரோமீட்டர் 1.046 பக்கம் காட்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மால்ட்டோடு சேர்ந்தால் அது பீருக்கு மருந்துக்கடை வாடையைக் கொடுத்துவிடும். முந்தைய நாளே தண்ணீரைப் பிடித்து, ஒரு சிட்டிகைக்கும் குறைவாக மெட்டாபைசல்ஃபைட் பொடியைக் கலந்துவிட்டால் குளோரின் தீர்ந்துவிடும். செலவு ஒன்றுமில்லை, ஆனால் வித்தியாசம் நாக்கில் தெரியும்.

மூடிக்கடியில் வரும் ஈஸ்ட் மோசமில்லை. இருந்தாலும் இந்த வகைக்கு நான் சேஃப்ஏல் யுஎஸ்-05 பாக்கெட்டைத்தான் போடுகிறேன், 11.5 கிராம். அது தன் சுவையைத் திணிக்காமல் ஹாப்ஸுக்கு இடம்விடும். கிட் ஈஸ்ட்டை எறிவதில்லை. அடுத்த முறை கொதிநீரில் அதைப் போட்டுவிட்டால் உயிருள்ள ஈஸ்ட்டுக்கு அது உணவாகிவிடும்.

இனி வெப்பம். இதில்தான் நல்ல பேட்ச்சும் சுமாரான பேட்ச்சும் பிரிகின்றன. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். அறை 22 டிகிரி என்றால் உள்ளே 25 இருக்கலாம். அந்தச் சூட்டில் பழவாடையும், தொண்டையில் சுள்ளென்று ஏறும் கனத்த ஆல்கஹாலும் உண்டாகி ஹாப்ஸை அமுக்கிவிடும். 18-லிருந்து 20-க்குள் வைத்திருப்பதே என் கணக்கு. முதல் மூன்று நாள் முக்கியம், அதற்குப் பிறகு ஓரிரண்டு டிகிரி ஏறினால் கவலையில்லை. அடிலெய்டு கோடையில் வெளியே 40 தாண்டும் நாட்கள் உண்டு. ஈரத் துண்டு, ஐஸ் பாட்டில், தண்ணீர்த் தொட்டி என்ற வழிகள் எல்லாம் மிதமான வெயிலுக்குச் சரி, அந்த வெயிலுக்கு எடுபடாது. ஒரு பழைய ஃப்ரிட்ஜும் வெப்பக் கட்டுப்படுத்தியும் வாங்கினேன். கிட்டுக்கு வெளியே செலவழித்ததில் மிகவும் பயன்பட்டது இதுதான். ஃப்ரிட்ஜ் வைக்க இடமில்லாதவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் போடுங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதற்காகப் பல வீடுகளில் ஹீட் பேட் வைத்திருப்பீர்கள், ராத்திரிக் குளிருக்கு அதுவே போதும்.

இந்த ஃபெர்மென்டரில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) கிடையாது. மேலே ஒரு வளையம், அதன்மேல் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும், வாயு ஓரமாக வெளியேறும். புதியவர்களுக்கு இது பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம், நொதி மும்முரமாக இருக்கும்வரை கரியமில வாயு மேலே போர்வையாக நிற்கும். பயப்பட வேண்டியது நொதி அடங்கிய பிறகுதான். அதனால்தான் மணத்துக்கான ஹாப்ஸை நுரை முழுக்க இறங்குவதற்குச் சற்று முன்பே, ஹைட்ரோமீட்டர் அளவு 1.015 பக்கம் வரும்போது போடுகிறேன். 50 கிராம் சிட்ரா ரகமோ கேலக்ஸி ரகமோ. மூடியைத் திறந்தபோது புகுந்த காற்றை அங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட் தின்றுவிடும். மூன்று நாள் போதும். ஒரு வாரம் கிடந்தால் பச்சைப்புல் சுவை ஏறும்.

பச்சை ஹாப்ஸ் உருண்டைகள் விழுந்ததும் அரை நிமிடத்தில் உப்பிப் பாசியாக விரியும். அப்போது எழும் நுரையைக் கவனியுங்கள், வளையம் வரை வரும். அப்புறம் ஒரு விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும்: ஹாப்ஸில் உள்ள என்சைம்கள் மால்ட்டில் மிச்சமிருக்கும் பெரிய சர்க்கரைகளை உடைத்துவிடும். முடிந்துபோனதாகத் தோன்றிய நொதித்தல் மறுபடி தொடங்கும். அந்த நிலையில் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் வாயு கூடிப்போகும், கண்ணாடி என்றால் வெடிக்கவும் செய்யும். ஹாப்ஸ் போட்ட பிறகு இரண்டு நாள் அடுத்தடுத்து அளந்து, அளவு அசையாமல் 1.011 பக்கம் நின்றால்தான் அடைக்கலாம். குமிழி நின்றுவிட்டது என்பதெல்லாம் கணக்கில்லை. ஆல்கஹால் கணக்கு வேண்டுமென்றால் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்குங்கள். இதற்கு 4.6 சதவீதம் வரும், பாட்டிலில் போடும் சர்க்கரையையும் சேர்த்தால் ஐந்து.

பாட்டிலில் அடைக்கும் நாள்தான் காற்று பெரிதாகக் கெடுக்கும் நாள். ஆக்ஸிஜன் எல்லா பீரையும் கெடுக்கும், ஆனால் ஹாப்ஸ் பீரை முதலில் கெடுக்கும். குழலைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தெறிக்காமல் நிரப்புவேன். 740 மில்லிக்கு இரண்டு சர்க்கரை உருண்டை. பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு வசதி உண்டு: நிரப்பிய பாட்டிலை இரு பக்கமும் அழுத்தி, பீர் கழுத்துவரை ஏறி விளிம்பைத் தொட்டதும் அப்படியே மூடியைத் திருகிவிடலாம். உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது. நசுங்கிக் கிடக்கும் பாட்டில் இரண்டு மூன்று நாளில் தானே உப்பி, விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். வாயு பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேறு கருவி வேண்டாம். இரண்டு வாரம் 18 டிகிரிக்கு மேல் இருட்டில், அப்புறம் ஃப்ரிட்ஜ். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட நாற்றமாக மாறும், அதனால்தான் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் வருகின்றன.

குடிக்கும் காலம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடைத்த மூன்றாவது வாரம் முதல் இரண்டாவது மாதம் வரைதான் இதன் இளமை. கேலக்ஸி போட்டதில் கொடித்தோடைப் பழ (பேஷன் ஃப்ரூட்) வாசம் மூடி திறந்ததுமே வரும். பிறகு மெல்ல மெல்லப் பொன்னிறம் பழுப்பாகும், பழவாசம் போய்த் தேன் மாதிரி ஒரு இனிப்பு வரும், கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி. பிளாஸ்டிக் வழியாகவும் சிறிது சிறிதாகக் காற்று புகும். ஸ்டவுட் என்ற கரும் பீரைப் போட்டு ஆறு மாதம் வைத்துக் குடியுங்கள், அது நன்றாக முதிரும். பேல் ஏலைச் சேமிக்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றுங்கள், கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால் பாதி அளவில் போடுங்கள்.

கருவிகள் உழைக்கின்றன. ஃபெர்மென்டரை நார் வைத்துத் தேய்க்கவே கூடாது. கீறலுக்குள் கிருமி குடியேறினால் எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. பெர்கார்பனேட் என்ற சுத்திகரிப்புப் பொடியைக் கரைத்து ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்து, உபயோகிக்கும் முன் ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கியைத் தெளித்தால் போதும். குழாயை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள், உலர்ந்த பீர் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். மூடிகள் பல சுற்றுக்குப் பிறகு பிடிப்பை இழக்கும், மூடி மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் நாய் இருந்தால் கவனம். பயன்படுத்திய ஹாப்ஸ் நாய்க்கு விஷம், உயிரையே எடுக்கும். அதை உரக்குழியில் போடாமல் நன்றாகக் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

டின் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பழைய சாறு கறுத்து ஒரு மந்தமான சுவை தரும். ஹாப்ஸை உறைபெட்டியில் வையுங்கள், பாக்கெட்டைத் திறந்ததும் பாலாடைக்கட்டி வாடை வந்தால் போடாதீர்கள். பணத்தைப் பொறுத்தவரை, நான் போடும் அளவுக்கு ஹாப்ஸும் தனி ஈஸ்ட்டும் சேர்த்துப் பெரிய பாட்டில் ஒன்று இரண்டு டாலரைச் சுற்றி விழுகிறது. மதுவரி ஏறிய கடை விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவு, ஆனால் கழுவுவதற்குப் போகும் நேரத்துக்கு விலை போடாமல் இருந்தால்தான்.

முதலில் எந்த ஹாப்ஸ் என்று கேட்டால் கேஸ்கேட் ஒன்றை மட்டும் வைத்து ஒரு பேட்ச், சிட்ரா மட்டும் வைத்து ஒன்று, கேலக்ஸி மட்டும் வைத்து ஒன்று போடுங்கள். கலவை அப்புறம். தனித்தனியாகக் குடித்த நாக்குக்குத்தான் கலவையில் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியும். எனக்கு இப்போது நிலைத்திருப்பது கொதியில் கேஸ்கேட், நொதியில் கேலக்ஸி 35 கிராம், சிட்ரா 15 கிராம்.