மினி கூப்பர் எஸ்: வேலூரில் 5 வருஷம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், மூணு கதவு. வாங்கிய அன்றே ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். அப்பா பின்பக்க எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "யாருப்பா இந்த கூப்பர்?"

அதை மாடல் பெயர் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். சார்லஸ் கூப்பர், அவர் மகன் ஜான், இங்கிலாந்தில் சர்பிட்டனில் ஒரு கராஜ். போர் முடிந்த கையோடு, 1946-ல், ரெண்டு ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பக்கங்களை வெட்டி முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு பந்தயக் கார் செய்தார்கள். 500 சிசி பைக் இன்ஜின், அதுவும் டிரைவருக்குப் பின்னால். ஏன் பின்னால் என்று நான் சொல்வதற்குள் அப்பாவே சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்துவிட்டார்: பைக் இன்ஜின் என்றால் செயின், செயின் என்றால் பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் வைப்பதுதானே சுலபம்! அதேதான். வேலை சுலபத்துக்காகச் செய்த அந்த ஏற்பாடு 1958-ல் அர்ஜென்டினாவில் ஸ்டெர்லிங் மாஸ் கையில் ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஜெயித்தது, 1959, 1960 ரெண்டு வருஷமும் ஜாக் பிராபமுக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. 59-ன் கடைசிப் பந்தயத்தில் பெட்ரோல் தீர்ந்துபோய், காரைக் கையால் தள்ளியே கோட்டைத் தாண்டி நாலாவதாக வந்தார் பிராபம். அப்புறம் சில வருஷத்தில் எல்லோருடைய இன்ஜினும் பின்னால் போய்விட்டது.

மினிக்கு அந்தப் பெயர் வந்தது 1961-ல். மினியைத் தயாரித்த கம்பெனியிடம் ஜான் விடாமல் கேட்டு 997 சிசி இன்ஜினும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் வைக்கச் சொன்னார். 1964-ல் அது மான்டி கார்லோ ராலியையே ஜெயித்தது.

சரி, என் கார். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஞாயிறு காலை பஸ் வருவதற்கு முன்னால் பொன்னேரியிலிருந்து ஏறினால், ரெண்டாவது கியரில், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே மூக்கு உள்ளே போய்விடும், உடம்பு சாயாது. இந்த ஒரு சுகத்துக்காகவே வைத்திருக்கிறேன். மைலேஜ் ஊருக்குள் 9, பெங்களூர் ஹைவேயில் 14. பின் சீட் குழந்தைகளுக்கு மட்டும். காட்பாடி பக்கத்து ஸ்பீட் பிரேக்கர்களில் கோணலாகத்தான் ஏற்ற வேண்டும். ஸ்டெப்னி கிடையாது, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு டயர் கிழிந்தபோது, ரெண்டு நாளில் வரும் என்ற டயர் கடைக்காரர் 11 நாள் கழித்து வேறு சைஸைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. வாங்குகிறவர்கள் வீட்டில் ஒரு டயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் 1964-ல் இறந்தார், அடுத்த வருஷமே பந்தய டீம் கைமாறியது. பேரன் மைக்தான் பிறகு தாத்தா, அப்பா பெயரைப் புது மினிகளில் உயிரோடு வைத்தார்.

போன ஆயுத பூஜைக்குக் காரை லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அப்பா மெஷினுக்குச் சந்தனம் வைத்துவிட்டு, கூப்பர் என்ற எழுத்துக்கு மேலேயும் ஒரு பொட்டு வைத்தார். பட்டறைப் பையன் அது யார் பெயர் என்று கேட்டான்.

"அப்பனும் புள்ளையுமா பட்டறை வச்சிருந்தவங்கடா" என்றார்.