ட்ரோன் நிரலைக் கோட்பெர்க்குக்குக் குடிமாற்றி ஒன்றரை வருடம்

என் ட்ரோனின் வலது முன் கையில் ஒரு துண்டு காகித டேப் எப்போதும் ஒட்டியிருக்கும். புதிய நிரலை ஏற்றும்போதெல்லாம் அந்தக் கமிட்டின் (நிரலில் செய்த மாற்றத்தைச் சேமித்த பதிவின்) அடையாளத்தில் முதல் ஏழு குறிகளை அதில் பேனாவால் எழுதிவிடுவேன். மைதானத்தில் வண்டி கோணலாகப் பறந்தால் எந்த நிரல் உள்ளே இருந்தது என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிரலைச் சேமித்துவைத்திருந்த இணையத்தளத்திலிருந்து கோட்பெர்க் என்ற தளத்துக்கு இடம் மாற்றிய அன்று முதலில் செல்லாக்காசானது இந்த ஏழு குறிகள்தான்.

பழைய இடத்தின் பெயர் வேண்டாம். இலவசக் கணக்குக்கான விதிகளை மாற்றினார்கள். நான் கிளம்பினேன், அவ்வளவுதான். இந்தப் பொழுதுபோக்கில் குடிமாறுவது புதிதும் அல்ல. மல்டிவீ, ஆர்டுபைலட் என்ற ட்ரோன் நிரல்கள் இரண்டும் தொடக்க காலத்தில் கூகுள் கோட் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் குடியிருந்தவை. 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்து, 2016 ஜனவரியில் அந்தக் கடையையே கூகுள் சாத்திவிட்டது.

கோட்பெர்க்கை நடத்துவது பெர்லினில் 2018-இல் பதிவான, லாப நோக்கற்ற ஒரு சங்கம். உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடுகிறது. கட்டணம் இல்லை, ஆனால் நிரல் திறமூல உரிமத்தில் இருக்க வேண்டும். மூன்று வருடமாக உரிமக் கோப்பே இல்லாமல் நிரல் எழுதிக்கொண்டிருந்தவன் நான். மோட்டார்களுக்கு விசையைப் பங்கிடும் பகுதியை மல்டிவீயிலிருந்து எடுத்திருந்தேன். அது ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வருவது. ஆகவே எனக்கும் அதே உரிமம்தான், யோசிக்க ஒன்றும் இல்லை.

நிரலை மாற்றியது பத்து நிமிட வேலை. மிரர் குளோன் (வரலாற்றோடு முழு நகல் எடுப்பது), மிரர் புஷ் (அதைப் புது இடத்தில் ஏற்றுவது), முடிந்தது என்றுதான் நினைத்தேன். நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தின் அளவு 1.2 ஜிபி என்று திரை காட்டியபோதுதான் விழித்துக்கொண்டேன். எஸ்டிஎம்32 சில்லில் ஓடும் சின்ன நிரலுக்கு எதற்கு இவ்வளவு? பறப்புப் பதிவுக் கோப்புகளை எல்லாம் நிரலோடு சேர்த்தே கமிட் செய்துவந்திருக்கிறேன்! ஒன்றைத் திறந்தேன். முதல் வரியில் புறப்பட்ட இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், தசமத்துக்குப் பின் ஏழு இலக்கம். கணக்குப்படி அது ஓரிரு சென்டிமீட்டர் அளவுக்கு நுணுக்கம். ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியம் இல்லைதான். ஆனாலும் என் மொட்டை மாடியைக் கண்டுபிடிக்க அது தாராளமாகப் போதும். இதைப் பொதுவில் வைக்கவா?

கோப்பை அழித்து இன்னொரு கமிட் போட்டால் பயனில்லை. பழைய கமிட்டுகளில் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. களஞ்சியம் 14 எம்பி ஆனது. கூடவே முதல் பதிவுக் கோப்பு நுழைந்த நாளிலிருந்து எல்லாக் கமிட்டுகளின் அடையாளமும் மாறிப்போனது. டேப்பில் எழுதியதும் பறப்பு நோட்டில் எழுதியதும் எதையும் சுட்டாத வெறும் குறிகளாயின. நல்லவேளை, பழைய அடையாளத்துக்குப் புதியது எது என்ற பட்டியலை அந்தக் கருவியே ஒரு கோப்பில் விட்டுவைக்கிறது. அதை அச்சிட்டு நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவைத்தேன்.

இரண்டாம் மாதம் நடந்தது முழுக்க என் அலட்சியம். மைதானத்துக்கு எடுத்துப்போகும் பழைய மடிக்கணினி இன்னும் பழைய முகவரியிலிருந்துதான் நிரலை இழுத்துக்கொண்டிருந்தது. இதற்கிடையில் மின்கம்பிகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மோட்டார்களின் வரிசை எண்ணை மாற்றி, அதற்கேற்ற நிரலைப் புது இடத்தில் சேர்த்திருந்தேன். அன்று காலை பழைய நிரல் ஏறியது. த்ராட்டிலைத் தூக்கியதும் வண்டி மேலே எழவில்லை. அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. இரண்டு புரொப்பெல்லர் உடைந்தன. சாய்வைச் சரிசெய்ய வலது மோட்டாரை முடுக்கச் சொன்னால் இடது மோட்டார் சுற்றினால் வேறு என்னதான் ஆகும்? மாற்றிய அன்றே பழைய களஞ்சியத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டி, முகப்பில் புது முகவரியை எழுதியிருந்தால் அந்தப் பூட்டைப் பார்த்தாவது நினைவு வந்திருக்கும்.

மற்றபடி அன்றாடப் புழக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பக்கங்கள் எளிமையானவை, விளம்பரம் இல்லை. தளமே நிரலைத் தானாகத் தொகுத்துத்தரும் வசதிக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நான் வாங்கவில்லை, என் நிரல் வீட்டுக் கணினியில் ஒரு நிமிடத்துக்குள் தொகுக்கப்பட்டுவிடுகிறது. வாரம் ஒருமுறை வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி முழுக் களஞ்சியத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. இன்னொரு கடை சாத்தப்படும் நாளுக்காக.

பிழைக் குறிப்புகளையும் இறக்குமதிக் கருவி எண் மாறாமல் கொண்டுவந்து சேர்த்தது. நான்காம் மாதம் நிம்மதியாகப் பழைய கணக்கை மூடினேன். அதன் பிறகுதான் தெரிந்தது, குறிப்புகளின் எழுத்து மட்டுமே இடம்பெயர்ந்திருக்கிறது. அவற்றில் ஒட்டியிருந்த படங்கள் பழைய சேவையகத்திலேயே கிடந்திருக்கின்றன. வண்டியை ஆடாமல் நிறுத்தும் பிஐடி அளவுகளைச் சரிசெய்தபோது எடுத்த ஆறு அதிர்வு வரைபடங்கள் இருந்த இடத்தில் உடைந்த படச் சின்னம்தான் நிற்கிறது. இரண்டு மட்டும் பழைய கைபேசியில் கிடைத்தன. மற்ற நான்குக்கும் கீழே "படத்தில் மூன்றாவது கூர்முனையைப் பார்க்கவும்" என்று நான் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது.