6 நிமிடச் சாப்பாடா, 25 நிமிடச் சாப்பாடா?

எனக்கு வேலை கிண்டி தொழிற்பேட்டையில். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மூன்று மணி ஆனால் வயிறு ஊதிக்கொள்ளும், ஏப்பம் விடாமல் வரும். டாக்டரிடம் போனபோது அவர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் கேட்டது, "எவ்வளவு நேரம் சாப்பிடுறீங்க?" தெரியவில்லை. அதனால் நான் வழக்கமாகச் சாப்பிடும் மூன்று விதத்தையும் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். தெருமுனைக் கையேந்தி பவன் 6 நிமிடம், வீட்டு டப்பா 10 நிமிடம், சனிக்கிழமை திருவல்லிக்கேணி மெஸ்ஸில் இலைச் சாப்பாடு 25 நிமிடம். மெதுவாக உண்பதுதான் நல்லது என்றால் மெஸ்தான் ஜெயிக்க வேண்டும். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

கையேந்தி பவனில் இடது கையில் தட்டு, தலைக்கு மேல் வெயில், முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள். சாம்பார் சாதம் குழைந்திருக்கும், மெல்ல ஒன்றுமில்லை, அப்படியே இறங்கிவிடும். மெல்லாவிட்டால் சோறு செரிக்கவே செரிக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது மிகை. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும், உண்மைதான். ஆனால் பெரும்பங்கு வேலை சிறுகுடலில் கணைய நீர் செய்வது. அள்ளி அள்ளி விழுங்கும்போது கூடவே காற்றும் உள்ளே போகிறது, என் ஏப்பத்தில் பாதி அதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர 15, 20 நிமிடம் ஆகும். நான் ஆறாவது நிமிடமே கை கழுவியிருப்பேன். தட்டு அளவுச் சாப்பாடுதானே, அதிகம் போகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார்கள். பசி இன்னும் அடங்காததால் நேராக அங்கேதான் போவேன்.

டப்பாவில் அளவு சரியாக இருக்கும், எண்ணெய் குறைவு, உட்கார்ந்து சாப்பிடலாம். காகிதத்தில் இதுதான் முதலிடம். ஒருநாள் எதிர் மேசைக்காரர், "இன்னைக்கு என்ன பொரியல்?" என்று கேட்டார். பதில் சொல்ல டப்பாவைப் பார்த்தேன், காலி. ஓரத்தில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை வைத்துக் கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று. கண் முழுக்க போனில் இருந்திருக்கிறது. இப்படிக் கவனமில்லாமல் சாப்பிட்டால் அப்போது மட்டுமல்ல, சாயங்காலம் தின்பதும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாப்பிட்ட நினைவே இல்லையென்றால் பிஸ்கெட் பாக்கெட் சும்மா இருக்குமா?

மெஸ்ஸில் நாம் மெதுவாகச் சாப்பிடுவதில்லை, மெஸ் நம்மை மெதுவாகச் சாப்பிட வைக்கிறது. இலை விழுந்ததும் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம். சோறு வர நேரமாகும், அதுவரை கொத்தவரங்காயைக் கொறித்துக்கொண்டிருப்போம். காய்கறி முதலில், சோறு பிறகு என்ற வரிசை ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதைக் குறைக்கும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காத்திருப்பு. ஆனால் மூன்றிலும் நான் அதிகம் சாப்பிடுவது இங்கேதான். ஒரு சுவை அலுத்தாலும் அடுத்த சுவைக்குப் பசி புதிதாகத் தொடங்கிவிடும். வயிறு முட்டிய பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பதன் ரகசியம் இதுதான். அளவில்லாச் சாப்பாடு என்ற பலகைக்கு முன்னால் 25 நிமிடம் என்ன செய்யும்?

சரி, எண்ணி எண்ணி மெல்லலாமே? அமெரிக்காவில் ஹோரஸ் ஃபிளெட்சர் (1849–1919) என்பவர் உணவு வாயிலேயே நீராகும்வரை மெல்லச் சொல்லியே பிரபலமானவர். 2011-இல் வந்த ஒரு சீன ஆய்விலும், ஒரு கவளத்தை 15 தடவைக்குப் பதில் 40 தடவை மென்றவர்கள் சுமார் 12 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். நான் 32 என்று வைத்துக்கொண்டு தயிர் சாதத்தில் ஆரம்பித்தேன். ஐந்தாவது மெல்லலில் வாயில் எதுவும் இல்லை. மீதி 27-ஐ எதை மென்று முடிப்பது?

வேகத்தைத் தீர்மானிப்பது மன உறுதி இல்லை, தட்டில் இருக்கும் பண்டம் என்பது அப்போதுதான் உறைத்தது. 2019-இல் அமெரிக்காவில் 20 பேரைத் தங்கவைத்துச் செய்த சோதனையிலும், ஆலையில் அதிகம் பக்குவப்படுத்திய உணவை வேகமாகச் சாப்பிட்டார்கள், நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். வேகம் மட்டும்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. டப்பாவில் சோற்றைக் குறைத்துக் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், பீன்ஸ் பொரியல், சில நாள் சப்பாத்தி. போன் மேசை டிராயருக்குள். எண்ணாமலே 10 நிமிடம் 17 ஆனது. மூன்று மணி ஏப்பமும் பெரும்பாலும் நின்றது.

உடற்தகுதி பற்றி: மெதுவாகத் தின்றால் தசை வளரும், மூச்சு வாங்காது என்று ஜிம் நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியெல்லாம் இல்லை. அளவு குறைந்தால் எடை குறையலாம், அவ்வளவுதான். தசைக்கு எடை தூக்கத்தான் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சும் 10 நிமிடத்தில் நடப்பது உண்மையில் பலன் தருகிறது. வேலை செய்யும் தசை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வெளியே போகவேண்டாம், ஆபீஸ் வராந்தா போதும்.

ஆக வார நாட்களுக்கு மாற்றிய டப்பா, வேறு வழியில்லாத நாளில் கையேந்தி பவன், பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பாமல். சனிக்கிழமை மெஸ்ஸை மட்டும் விட மனசு வரவில்லை. போன வாரம் மூன்றாவது முறையாகச் சோற்றுக் கூடையோடு வந்தவரிடம் இலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்து மறித்தேன். "மோருக்காவது கொஞ்சம் சார்" என்றார். கையை எடுத்துவிட்டேன்.