காரைக்குடி அருகே ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவப் பிரிவு: எங்கள் அனுபவம்

காரைக்குடிக்கு அருகில், இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம் நடந்தது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது செட்டிநாட்டில் இன்றும் மாறாத வழக்கம். வெளியூரில் பதிவு செய்துகொண்டு நிறைமாதத்தில் இங்கு வந்து சேரும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த விவரங்கள் பயன்படலாம்.

கட்டடம் சிறியது, கட்டில்களும் குறைவு. இந்த நிலையத்தின் அருமை பிரசவ அறையில்தான் தெரிகிறது. வலி முறையாகத் தொடங்கியதிலிருந்து செவிலியர் அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, தாயின் நாடி, ரத்த அழுத்தம், கருப்பை வாய் விரிந்த அளவு ஆகியவற்றோடு சேர்த்து பார்டோகிராஃப் எனப்படும், பிரசவத்தின் போக்கைக் கோடாக வரைந்து காட்டும் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். பிரசவம் தடைபடுகிறதா என்பதை அந்தக் கோடு முன்கூட்டியே காட்டிவிடும். குழந்தை பிறந்தவுடன், ஒரு நிமிடத்துக்குள், கருப்பை சுருங்குவதற்காக ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உறவினர் அனைவரும் குழந்தையைப் பார்ப்பதிலேயே கண்ணாயிருந்த அந்த இரண்டு மணி நேரமும், செவிலியர் கால் மணிக்கு ஒருமுறை தாயிடம் வந்து, அடிவயிற்றைத் தொட்டுக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்த்து, துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதையும் கவனித்தார். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் மிகையான உதிரப்போக்குதான் உலகெங்கும் தாய்மார் மரணத்துக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று; அதுவரை எந்தக் குறையும் இல்லாத பெண்ணைக்கூட அது சில மணி நேரத்தில் பறித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர்; அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் குறைந்த வருமான நாடுகளையும் கீழ்நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். இந்த இடைவெளியை உண்டாக்கியதில், நள்ளிரவிலும் முறைவைத்து விழித்திருக்கும் இத்தகைய செவிலியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரையே அளந்து கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்பத்தா அதைத் தொடங்கியபோது, "ஆச்சி, தண்ணி நல்லாக் குடிச்சாத்தான் பிள்ளைக்குப் பால் ஊறும், சீம்பாலையும் வீணாக்காமக் கொடுக்கச் சொல்லுங்க" என்று செவிலியர் பொறுமையாக எடுத்துச் சொன்ன விதம் மனத்துக்கு நிறைவாக இருந்தது.

செலவு எதுவும் இல்லை. மருந்து, பரிசோதனை, உணவு, வீட்டில் கொண்டுவந்து விடும் 102 ஊர்தி ஆகிய அனைத்தும் இலவசம்.

குறைகளைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. பிரசவத்தின்போது பெண் துணை ஒருவர் உடனிருக்கத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. ஆனால் பகல் முறையில் என் தங்கையை உள்ளே இருக்கவிட்டவர்கள், முறை மாறியதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கட்டில்களுக்கு இடையே மறைப்புத் திரை இல்லாததும் வலியில் இருக்கும் பெண்ணுக்குப் பெரிய அவமதிப்பு. பேத்தி பிறந்த செய்தியைச் சொல்ல வந்த ஊழியர் பணம் கேட்டு நின்றது இவை எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது. இரவில் உடன் வந்தவர்கள் வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு இந்த நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உயர் ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முன்பே சிசேரியன் ஆனவர்கள் என்றால், ரத்த வங்கியும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள பெரிய அரசு மருத்துவமனையிலேயே தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது நல்லது. வலி வந்தபின் அலைவதற்கு நேரம் இருக்காது. தாய்வீடு வருபவர்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் பரிசோதனை அட்டையையும் கையோடு கொண்டுவந்து, வந்த வாரமே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிவிட வேண்டும். அவசரமானால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதை அன்றே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.