வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

மெல்பர்ன் தென்கிழக்குப் பக்கம் கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் முகாம் வண்டி) வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். போன வருடக் கடைசியில் எங்கள் டிரெய்லரின் கழிவுநீர்க் குழாயை மாற்றி, அடியில் ஒரு டேங்க் வைக்க 1,400 டாலர் கொடுத்தேன். அந்த டேங்கின் வால்வு ஜனவரியில் என் கையோடு வந்துவிட்டது. ஆளின் பெயரை இங்கே போடவில்லை. என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது பழைய வண்டி. பக்கவாட்டில் இழுத்தால் சமையல்மேடை வெளியே வரும், அதில் ஒரு ஸ்டீல் சிங்க். சிங்கின் அடியில் ஒரு ஹோஸ், ஹோஸின் கீழே ஒரு பக்கெட். ஐந்து வருடம் அந்தப் பக்கெட்டோடு சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனால் இப்போது இலவச முகாம் இடங்கள் பலவற்றில் 'செல்ஃப் கன்டெய்ன்ட்' வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி என்று பலகை வைத்துவிட்டார்கள். அதாவது, கழிவறைப் பெட்டி மட்டும் இருந்தால் போதாது, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் நம் வண்டியிலேயே பிடித்து வைத்து டம்ப் பாயிண்டில் (கழிவுநீர் கொட்டுவதற்கென்றே இருக்கும் இடம்) போய்க் கொட்ட வேண்டும். சரி, ஒரு டேங்க் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், சல்லிசாப் பண்ணுவார்" என்று எண் வந்தது. வீட்டுக்கு வந்தார், நின்றபடியே வண்டியைப் பார்த்தார். "அண்ணே, இது ஒரு நாள் வேலை" என்றார். அறுபது லிட்டர் டேங்க், நாற்பது மில்லிமீட்டர் பைப், வால்வு, காற்றுக்குழாய், எல்லாம் சேர்த்து 1,400 என்று மெசேஜ் அனுப்பினார். பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி சேர்த்து 1,540, கையில் ரொக்கமாகக் கொடுத்தால் 1,400. 140 டாலர் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஆக, ஏமாந்ததில் என் பேராசைக்கும் பங்கு இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வந்தார். பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று போனால், "நீங்க போய் டீ குடிங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். மூன்று மணிக்கே முடித்துவிட்டார். சிங்கில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார், குனிந்து வால்வைத் திறந்தார், தண்ணீர் வந்தது. "பாத்தீங்களா!" நானும் பார்த்தேன். மீதிக் காசை எண்ணிக் கொடுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் எந்த ஓட்டை உடைசலிலும் இறங்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் எச்சூக்காவுக்கு அப்பால், முர்ரே ஆற்றங்கரையில் பார்மா காட்டுக்குப் போனோம். முதல் நாள் இரவே சிங்க் 'குபுக் குபுக்' என்று பேச ஆரம்பித்தது. தண்ணீர் பாதி இறங்கும், நிற்கும், பிறகு ஒரு ஏப்பம் விட்டு ஊறவைத்த உளுத்தந்தோலையும் வெங்காயச் சருகையும் மேலே தள்ளும். இரண்டாம் நாள் சமையல்மேடையை உள்ளே தள்ளி மறுபடி இழுத்தபோது அடியில் ஹோஸ் கழன்று விழுந்தது. மேடை எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று கணக்குப் பார்த்துத் தொய்வு விடவே இல்லை, விறைப்பாக மாட்டியிருக்கிறார். கேபிள் டை போட்டுக் கட்டிச் சமாளித்தேன். மூன்றாம் நாள் வெயில் நாற்பதை நெருங்கியது. டேங்கில் கிடந்த சாம்பார்த் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் புளித்து, சிங்க் வழியாகவே நாற்றம் மேலே வந்தது. அந்தச் சிங்குக்குப் பக்கத்தில் நின்று தோசை சுட முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி பிரெட்தான்.

நான்காம் நாள் டேங்கை நிறைத்துக்கொண்டு கிளம்பினோம். தார் ரோட்டில் தொண்ணூறைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. அதுவரை ஒருநாளும் அப்படி ஆடியதில்லை. மெதுவாக ஓட்டி டம்ப் பாயிண்ட் போய்ச் சேர்ந்து, கீழே படுத்து வால்வைத் திருகினேன். கைப்பிடி மட்டும் திரும்ப வேண்டிய இடத்தில் வால்வே சுற்றியது. அப்படியே கழன்று கையில் வந்துவிட்டது. அறுபது லிட்டரும் என் சட்டை, முகம், ஷூ எல்லாவற்றிலும். வால்வைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலம். நகத்தால் இழுத்தால் பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. சாதாரண சிலிக்கான். கேரவன் டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். சிலிக்கானும் பிவிசி பசையும் அதில் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து நட்டுப் போட்டு இறுக்கும் ஃபிட்டிங் வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். நாற்பது மில்லிமீட்டர் பைப் என்று மெசேஜில் இருந்தது. அங்கே இருந்தது இருபத்தைந்து மில்லிமீட்டர் வரிவரியான ஹோஸ். அந்த வரிகளில்தான் கொழுப்பு போய் உட்காரும். போகட்டும், அது ஒழுங்கான சரிவிலாவது ஓடியதா? இந்த மாதிரிக் குழாய்க்கு ஒரு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். இவர் சேஸிஸ் கம்பிக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் தொங்கவிட்டு, மறுபடி டேங்குக்கு ஏற்றியிருந்தார். தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கிப் பிசுக்கு உறைந்திருந்தது. காற்றுக்குழாயைத் தேடினேன். இல்லவே இல்லை. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் தண்ணீர் எப்படி இறங்கும்? அதற்கு இருக்கும் ஒரே வழி சிங்க்தான். அந்த ஏப்பத்துக்குக் காரணம் இதுதான். சிங்கின் அடியில், தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் ட்ராப்பும் இல்லை. அதனால்தான் நாற்றம் தடையில்லாமல் மேலே வந்திருக்கிறது.

எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குவது டேங்கை வைத்த இடம். வண்டியின் கடைசிக் கோடியில், பின் பம்பரை ஒட்டி மாட்டியிருக்கிறார். அங்கே இடம் காலி, மாட்டுவது சுலபம், அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆனால் அறுபது லிட்டர் தண்ணீர் என்றால் அறுபது கிலோ. அச்சுக்குப் பின்னால் அவ்வளவு எடை ஏறினால் முன்னால் டோபால் (டிரெய்லரைக் காரோடு மாட்டும் இரும்புக் குண்டு) மேல் அழுத்தம் குறையும், வண்டி வாலாட்டும். மொத்த எடையில் பத்து சதவீதம் அளவுக்கு டோபாலில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எங்கள் வண்டி 1,180 கிலோ. டேங்க் காலியாக இருக்கும்போது டோபாலில் 118 கிலோ காட்டியது. நிறைத்துவிட்டுப் பார்த்தால் 83. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நிலையில் ஓட்டியிருக்கிறேன்.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, "மண் ரோட்டுல ஓட்டினா அப்படித்தாண்ணே ஆகும்." கேம்பர் டிரெய்லரை வேறு எந்த ரோட்டில் ஓட்டுவார்களாம்? அப்புறம், "பில் இல்லாம செஞ்சதுக்கு வாரண்டி கிடையாது." இதைக் கேட்டுவிட்டுப் பலர் வாயை மூடிக்கொள்வார்கள். நானும் இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் 2011 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து கொடுத்தாக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தோம் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. 75 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு ரசீது கொடுப்பதும் அவர் கடமை. அவர் அனுப்பிய விலை மெசேஜ், வங்கியில் காசு எடுத்த பதிவு, படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினேன். பதினான்கு நாளில் பணம் வராவிட்டால் மாநில நுகர்வோர் துறையான கன்சூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் புகார் செய்வேன், வீகேட் தீர்ப்பாயத்துக்கும் போவேன் என்று போட்டேன். பன்னிரண்டாம் நாள் 550 டாலர் கணக்கில் விழுந்தது. கூடவே ஒரு மெசேஜ்: "உங்க திருப்திக்காக." மீதியைத் துரத்த எனக்குத் தெம்பு இல்லை. அது சரியா தவறா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

பிறகு ஒரு கேரவன் பட்டறையில் கொடுத்து 980 டாலருக்குத் திரும்பச் செய்தேன். முந்தைய வேலையைப் பார்த்து அந்த மெக்கானிக் சிரிக்கக்கூட இல்லை, "இந்த வருஷம் இது மூணாவது" என்றார். டேங்கை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தினார். நாற்பது மில்லிமீட்டர் பிவிசி. ஒவ்வொரு ஜாயிண்டிலும் சிவப்பாக ஒரு வளையம் தெரிகிறது. பசைக்கு முன்னால் தடவும் பிரைமரின் கறை அது. அது தெரியாவிட்டால் பிரைமர் போடவில்லை என்றே சந்தேகப்படுங்கள். மேடை நகரும் இடத்தில் மட்டும் உள்பக்கம் வழவழப்பான ஹோஸ், தேவையான தொய்வோடு. சிங்கின் அடியில் தண்ணீர் நிற்கத் தேவையில்லாத வால்வு ட்ராப். வண்டி குலுங்கினால் சாதாரண ட்ராப்பில் தண்ணீர் சிந்திவிடும் என்பதால் இது. வேலை முடிந்ததும் டேங்கை முழுக்க நிறைத்து ராத்திரி பூராவும் அப்படியே விட்டார். காலையில் அடியில் ஒரு அட்டையை விரித்து, சொட்டு விழுந்திருக்கிறதா என்று என்னையே படுத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம்தான் பில் போட்டார்.

முதல் ஆள் இன்னும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அவர் போடும் விளம்பரத்தில் எங்கள் வண்டியின் படமும் உண்டு, பக்கவாட்டில் நின்று எடுத்தது. வண்டியின் அடிப்பாகம் அதில் தெரியாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அடியிலிருந்து எடுத்த படங்களை அனுப்புகிறேன்.