பேங்க் ஏலத்தில் வீடு எடுக்கிறீர்களா? சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

கோவை சரவணம்பட்டிப் பக்கம் வங்கி ஏலத்தில் ஒரு வீடு எடுத்தேன். முழுப் பணமும் கட்டி, சேல் சர்டிபிகேட் கைக்கு வந்து, இஎம்ஐயும் ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் பழைய உரிமையாளர் குடும்பமே இருந்தது. ஒரு பக்கம் இஎம்ஐ, இன்னொரு பக்கம் நான் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை.

ஏல அறிவிப்பில் விலையும் முன்பணமும் கொட்டை எழுத்தில் இருக்கும். ஓரத்தில் சுவாதீனம், அதாவது சொத்து இப்போது யார் கையில் இருக்கிறது என்பது பற்றி ஒரு கட்டம் இருக்கும். அதில் 'சிம்பாலிக்' என்று போட்டிருந்தால் உஷாராகிவிடுங்கள். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்வது சர்ஃபேசி சட்டம். அதில் வங்கி அதிகாரி கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தால் போதும், காகிதத்தில் சுவாதீனம் எடுத்ததாகிவிடும். கடன் வாங்கியவர் உள்ளேயேதான் இருப்பார். அந்த நிலையிலேயே ஏலம் விட்டுவிடுகிறார்கள்.

ஏலத்துக்கு முன்பே கிளையில் இதைக் கேட்டேன். "அதெல்லாம் காலி பண்ணிக் குடுத்துருவோம் சார், பேமென்ட் முடியட்டும்" என்றார் அதிகாரி. எழுதித் தரச் சொன்னதற்குச் சிரித்தார். ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளோ 25 சதவீதம் கட்ட வேண்டும். ஏலம் உறுதியான 15 நாளுக்குள் மீதி 75 சதவீதம். தவறினால் கட்டியதும் போச்சு. வாங்குகிறவனுக்குத்தான் இத்தனை கெடு.

பணம் போய்ச் சேர்ந்ததும் பேச்சு மாறியது. "உள்ளது உள்ளபடினுதானே சார் போட்டிருக்கோம். நீங்களே போய்ப் பேசி, ஏதாவது குடுத்து அனுப்பிருங்க." அடுத்த வாரமே ஒரு ஏஜென்ட் வந்தார், காலி பண்ணித் தருகிறேன், கமிஷன் இவ்வளவு என்று. என் நம்பர் அவருக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பழைய உரிமையாளர் லேத் பட்டறை வைத்திருந்தவர். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாலும் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க தம்பி, பணத்தப் பேங்க்லதானுங்களே கட்டுனீங்க? சாவியும் அங்கயே கேளுங்க." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

கரண்டைப் பிடுங்கு, பூட்டை உடை என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதையெல்லாம் செய்தால் போலீஸ் கேஸ் நம் மேல்தான் விழும் என்று வக்கீல் தடுத்துவிட்டார். சரியான வழி சர்ஃபேசி 14-வது பிரிவு. வங்கி மனுப் போட்டால் கலெக்டரோ மாஜிஸ்திரேட்டோ சுவாதீனம் எடுத்துக் கொடுக்க உத்தரவிடுவார். 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் உத்தரவு என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கெடு கட்டாயமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மனுப் போட வேண்டியது வங்கி, நான் இல்லை. அவர்களுக்கோ பணம் வந்துவிட்டது, என்ன அவசரம்? உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்ட பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

அதற்குள் மாடியில் புதிதாக ஒரு வாடகைதாரர் முளைத்தார். கையில் 20 ரூபாய் முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம், 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பிய நோட்டீஸுக்கு முந்தைய தேதி போட்டு. தாளைத் திருப்பிப் பார்த்தார் வக்கீல். ஸ்டாம்ப் வெண்டர் எழுதிய விற்பனைத் தேதி ஒப்பந்தத் தேதிக்குப் பிந்தையது! நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விடவும் முடியாது. இருந்தும் டிஆர்டியில் (கடன் வசூல் தீர்ப்பாயம்) ஒரு மனு, ஒரு இடைக்காலத் தடை, வாய்தா மேல் வாய்தா.

கடைசியில் சுவாதீனம் எடுக்க நியமிக்கப்பட்ட வக்கீலான அட்வகேட் கமிஷனர், போலீஸ், வி.ஏ.ஓ., பூட்டுக்காரர் எல்லாரும் வந்தார்கள். பீரோ, கிரைண்டர், சாமி படம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கினார் கமிஷனர்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பிசிக்கல் சுவாதீனம் எடுத்த, அதாவது ஆள் காலியாகி சாவி வங்கியிடம் இருக்கும் சொத்தாகப் பாருங்கள். சிம்பாலிக்தான் என்றால் 14-வது பிரிவு உத்தரவு வாங்கியாகிவிட்டதா என்று கேட்டு நகலை வாங்குங்கள். "போட்டிருக்கோம்" என்றால் மனு எண்ணையாவது கேளுங்கள். கடன் வாங்கியவர் பெயரில் டிஆர்டி இணையதளத்தில் வழக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். கிளையில் வாயால் சொல்வதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். என் ரிட்டில் உதவியது அப்படி நான் அனுப்பியிருந்த ஒரு மெயில்தான். உள்ளே இருப்பவருக்குப் பணம் கொடுத்துக் காலி செய்ய வைப்பதானால் வங்கி அதிகாரி முன்னிலையில், சாவி ஒப்படைப்புக் கடிதத்தோடு கொடுங்கள். ஏஜென்ட் கையில் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

வீட்டு வரி பாக்கியும் ஈபி பாக்கியும் என் தலையில்தான் விழுந்தன. வங்கிக்கு எழுதிக் கேட்டேன். அதே 'உள்ளது உள்ளபடி' பதில். தாமதத்துக்கு வட்டியும் வாடகையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.